பூசையில் வைத்த சாவி

பினாங்கு வீதியில் பெரியகருப்பன் செட்டியார் வீட்டுச் சரசுவதி பூசையில் அந்த ஆண்டு ஓர் அரம் இருந்தது. வெண்பட்டு விரித்த மேடையில் ஏடுகளும் எழுதுகோல்களும் தராசும் வீட்டுச் சாவிக்கொத்தும் முறை பிறழாமல் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே, மோட்டார் வண்டியின் சாவிக்குப் பக்கத்தில், சாண் நீளத்துக்குக் கறுத்து முரடாய்க் கிடந்த அந்த அரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டிருந்தன.

அதை வைத்தவன் முத்துவீரப்பன். பெரியகருப்பனின் காலஞ்சென்ற தமையன் காசிவிஸ்வநாதனுக்கு ஒரே மகன், பதினெட்டு வயது, சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவன். விசயதசமிக்கு மறுநாள் அவன் சிங்கப்பூருக்குக் கப்பலேறிக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது சித்தப்பாவின் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கடைத்தெரு முழுவதும் அறியும். பெரியகருப்பன் அறியச் செய்திருந்தார். தகப்பனை இழந்த பிள்ளையைத் தன் பிள்ளையாய் வளர்த்துப் பட்டதாரியாக்கும் தம்பி என்று நகரத்தார் கூடுமிடமெல்லாம் அவருக்கு ஒரு பெயர் உண்டாகியிருந்தது. மாலையைப் போல அப்பெயரை அவர் அணிந்து திரிந்தார். அந்த மாலையைச் சபை நடுவே அறுத்தெறிவதற்கென்றே முத்துவீரப்பன் ஆறு மாதம் காத்திருந்தான்.

இரண்டாண்டுகளுக்கு முன், இதே பூசை நாளில், காசிவிஸ்வநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சாய்ந்தார். அப்போது முத்துவீரப்பன் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பூக்கூடையோடு அனுப்பப்பட்டிருந்தான். அவன் திரும்பி வருகையில் தகப்பனின் உடல் ரிக்சாவிலிருந்து இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மெக்காலிஸ்டர் சாலை பாதி கடப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. வாசலில் மாலை சூடி நின்றது கரும்பச்சை நிற ஆஸ்டின் வண்டி.

"டிரைவர் பய சாவிய எடுத்துக்கிட்டு எங்கேயோ ஓடிட்டான்" என்று சித்தப்பா அழுதார். ஊரும் நம்பியது. அன்றைக்கே டிரைவர் சீனி முகம்மது வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எசமானைச் சாகவிட்டு ஓடியவர் என்ற சொல் அவருக்கு முன்னே போய் ஒவ்வொரு வாசலிலும் நின்றது; அதன் பின் எவரும் அவரிடம் வண்டியைக் கொடுக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் கப்பல் துறையில் மூட்டை சுமக்கும் வரிசையில் முத்துவீரப்பன் அவரைக் கண்டான். முதலில் முகத்தில் உமிழவே நெருங்கினான். அவர் மூட்டையை இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒதுங்காமல் நின்றார்.

"தம்பி, நான் ஓடல. சாவி சாமி மேடையில இருந்துச்சு. நான் உள்ள வந்து கேட்டேன். பூசையில வச்சத மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுன்னு ஒங்க சித்தப்பா குறுக்க நின்னாரு. கால்ல விழுந்தேன். ரிக்சா கூப்புடுன்னாரு. நான்தான் ஓடிப்போய் ரிக்சா கூட்டியாந்தேன்."

"சாவி இல்லாம வண்டிய எடுக்க முடியாதாண்ணே?"

"எனக்கு ஓட்டத்தான்லா தெரியும். உள்ள இருக்கிற வேலை நான் என்னத்தக் கண்டேன்."

மறுநாளே முத்துவீரப்பன் ஒரு பட்டறைக்குப் போய் அங்கிருந்த சீனரிடம் அதே கேள்வியைக் கேட்டான். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே, வண்டியின் முகப்புப் பலகைக்கு அடியில் கையை விட்டு, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொடுத்தார். எஞ்சின் உறுமிற்று. பத்து எண்ணி முடிப்பதற்குள் நடந்துவிட்ட வேலை. அந்த இரண்டு கம்பிகளின் அறிவு வீட்டில் ஒருவருக்கு இருந்திருந்தால் அப்பச்சி என்று அவன் அழைத்த தகப்பன் பிழைத்திருக்கக்கூடும். அந்நாளில் மகனோ ஆங்கிலக் கவிதைகளை வரி பிசகாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிக்கொண்டிருந்தான். அன்று மாலையே அவன் அரசாங்கத் தொழிற்பள்ளியின் வாசலை விசாரித்து அறிந்தான். சேர்க்கை தொடங்கிய நாளில் பெயரும் எழுதிவிட்டான்.

ஆனால் மூட்டை சுமப்பவரின் சொல்லைக் கடைத்தெரு கேளாது என்பது அவனுக்குத் தெரியும். சாவியைத் தடுத்தது யார் என்பது சித்தப்பாவின் வாயிலிருந்தே, சபையறிய, வெளிப்பட வேண்டும். அதற்காகக் கல்லூரியை இழக்க அவன் தயங்கவில்லை. தயங்கியது வண்டிக்காக.

வீட்டில் வாய் திறந்து சிரித்தறியாத காசிவிஸ்வநாதன் அந்த வண்டிக்குள் மட்டும் வேறு மனிதராய் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மகனை முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு கடலோரமாகத் தஞ்சோங் பூங்கா வரை போவார். வளைவு திரும்பிக் கடல் தெரியும் இடத்தில் பதிகம் ஒன்றைத் தொடங்குவார். சுருதி சேராத குரல். ஆயினும் கேட்டவர் உருகும் குரல். மகன் தேர்வில் தேறிய ஓர் ஆண்டில், "இந்த வண்டி இவனுக்கு" என்று பெரியவர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிட்டார். அவர் மறைந்த பின் முத்துவீரப்பன் விடியலில் எழுந்து, மழைநீர் பிடித்து, அதைத் தன் கையால் கழுவினான். சக்கரத்தின் ஆரங்களைத் திருவடி துடைப்பவனைப் போலத் துடைத்தான். ஓட்டும் உரிமம் கிடைத்த நாள் முதல் அவனே ஓட்டினான். பின்னிருக்கையில், அப்பச்சி சாய்ந்து அமர்ந்து பழகிய அதே பள்ளத்தில், பெரியகருப்பன் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்து, "மெதுவா போடா, வெயில் மேல படுது" என்பார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து முத்துவீரப்பனின் வஞ்சினம் முற்றிற்று. வண்டி தன்னிடம் இருக்கும்வரை அதில் சித்தப்பாவும் இருப்பார். ஆகவே அதை அவன் விட்டுவிட வேண்டியதாயிற்று.

பூசை முடிந்து தீபாராதனை ஆனதும் கூடத்தில் நகரத்தார் பெரியவர்கள் பன்னிருவர் அமர்ந்தார்கள். பயணம் போகும் பிள்ளைக்குத் திருநீறு பூசி வாழ்த்தவும் விருந்துண்ணவும் அழைக்கப்பட்டவர்கள். அவர்களுள் மூத்தவர் பழனியப்பன் செட்டியார். அந்த வீதியில் எந்த வழக்கும் அவர் சொல்லோடு முடியும். அவர் மேடையைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"என்னப்பா கருப்பா, பட்டணத்துப் படிப்புக்கு அரமும் வேணுமா? புத்தி மழுங்கிப்போனா ராவிக்கிறதுக்கோ?"

சபை சிரித்தது. பெரியகருப்பன் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். "எவன் வச்சது இத? வேலைக்காரப் பய வச்சிருப்பாண்ணே."

"நாந்தான் வச்சேன் ஐயா" என்றான் முத்துவீரப்பன், பழனியப்பனை நோக்கி. "நான் சிங்கப்பூருக்குப் போகல. தொழிற்பள்ளியில பேர் குடுத்திட்டேன். மோட்டார் எஞ்சின் வேலை. திங்கக்கெழம தொடங்குது."

பெரியகருப்பன் முதலில் சிரிக்கவே செய்தார். "பய வெளையாடுறான்லா. கப்பலுக்குச் சீட்டு எடுத்தாச்சு."

"வேற யாரையாச்சும் அனுப்புங்க சித்தப்பா. நீங்களே போயிட்டு வந்தாலும் சரி."

ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பெரியகருப்பனின் சிரிப்பு நின்றது.

"செட்டி வீட்டுப் பிள்ளை சம்மட்டி தூக்கப் போறியா? காக்கிச் சட்ட மாட்டிக்கிட்டு எண்ணெயில பொரளப் போறியா? அப்பன் இல்லாத பிள்ளையச் சித்தப்பன் கொல்லம்பட்டறைக்கு அனுப்பிட்டான்னு ஊர் சொல்லும்டா."

"சொல்லட்டும் சித்தப்பா. அதுக்குத்தானே போறேன்."

சபை இப்போது சிரிக்கவில்லை. பழனியப்பன் செட்டியார் கைத்தடியின் பிடியில் தாடையை ஊன்றிக்கொண்டார். "காரணத்தச் சொல்லு தம்பி. படிப்பு வரலேன்னா ஒத்துக்கலாம். ஒனக்குப் படிப்பு வரும்."

"அப்பச்சி இந்த எடத்துல விழுந்தப்ப வண்டி வாசல்ல நின்னுச்சு ஐயா. சாவி இல்லாம வண்டிய எழுப்பத் தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்ல இருந்திருந்தா அவுக பொழச்சிருப்பாக. அந்த ஒருத்தனா ஆகப் போறேன். இப்ப ஆகி என்ன பிரயோசனம்னு கேக்காதீக."

"அந்த டிரைவர் பய சாவியோட ஓடினதுக்கு நீ எதுக்குடா இரும்படிக்கணும்" என்றார் பெரியகருப்பன். குரலில் துயரம் குழைந்திருந்தது. இரண்டாண்டாகப் பயின்ற துயரம்.

அச்சொல்லையே முத்துவீரப்பன் வேண்டியிருந்தான். அதைச் சபை முழுவதும் கேட்டாயிற்று. அவன் மேடையை நோக்கி இரண்டடி வைத்தான்.

"இருக்கட்டும். வண்டி எனக்குன்னு அப்பச்சி சொன்னது இங்க எல்லாருக்கும் தெரியும். அத இன்னைக்கே ஒருத்தருக்குக் குடுத்துடுறேன். அவுக வெளிய காத்துக்கிட்டு நிக்கிறாக."

சொல்லிக்கொண்டே, குங்குமம் தோய்ந்த சாவியை நோக்கிக் கையை நீட்டினான்.

பெரியகருப்பன் பாய்ந்து எழுந்தார். மேல்துண்டு நழுவி விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. "கைய எடு. பூசையில வச்சதத் தொடுறியா? மறுநாள் வரைக்கும் அது அம்பாள் சொத்து. என் வீட்ல முப்பது வருசமா ஒருத்தன் தொட்டதில்ல."

"ஒருத்தரும் தொட்டதில்லையா சித்தப்பா?"

"ஒருத்தனும் இல்ல."

"வண்டிச் சாவியையுமா?"

"வண்டி வந்த வருசத்துலேர்ந்து அந்தச் சாவிய என் கையாலதான் வைக்கிறேன். என் கையாலதான் எடுக்கிறேன். விசயதசமிக் காலையில, குளிச்சிட்டு, ஈரத் துணியோட. ஒரு வருசம் தவறினதில்ல. வேணும்னா இந்த வீதில கேட்டுப் பாரு."

முத்துவீரப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பொய்யைக் காக்க வேண்டிய சித்தப்பாவின் நா தன் பெருமையைக் காத்துவிட்டு ஓய்ந்திருந்தது. பன்னிரண்டு முகங்களிலும் அது மெல்ல மெல்ல விளங்கிற்று. எல்லோருக்கும் விளங்கிய பிறகே அவருக்கு விளங்கியது.

பழனியப்பன் செட்டியார் தடியிலிருந்து தாடையை எடுத்தார். "அப்போ டிரைவர் எடுத்துக்கிட்டு ஓடினது எந்தச் சாவிய, கருப்பா?"

பெரியகருப்பன் மேடையைப் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தின பூசையிலயும் சாவி இங்கதானே இருந்திருக்கு. நீயே சொல்லிட்ட. அந்தாளு வந்து கேட்டாரா இல்லையா?"

"கேட்டான்." குரல் இறங்கிப்போயிருந்தது. "எடுத்தா வீடு அழிஞ்சிரும்னு பயந்தேண்ணே. ரிக்சாவே நேரத்துக்குப் போயிடும்னு நெனச்சேன். என் கூடப்பொறந்தவுகண்ணே அவுக. அவுக பொழைக்கணும்னு எனக்கு ஆசையில்லையா?" பிறகு, முழுகுபவன் கைக்கெட்டியதைப் பற்றுவது போல, உள்வாசலின் திரையை நோக்கிக் கையைக் காட்டினார். "அண்ணன் பொண்டாட்டியும் அங்கதான் நின்னாக. கேளுங்க. சாவிய எடுன்னு அவுக ஒரு வார்த்த சொன்னாகளா?"

திரை விலகிற்று. வெள்ளைச் சேலையில் பொன்னம்மை வெளியே வந்தாள். கணவனை இழந்த பின் ஆடவர் சபையில் அவள் நின்றது அதுவே முதல் முறை. மகனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"சொல்லல" என்றாள். "நானும் அம்பாளக் கும்புட்டுக்கிட்டுத்தான் நின்னேன். சாவிக்கும் எனக்கும் நடுவுல நாலடி தூரந்தான். எடுக்கல."

முத்துவீரப்பனுக்கு இது தெரியாது. ஆறு மாதம் எண்ணி எண்ணிப் பார்த்தவன் இந்த ஒன்றை எண்ணவில்லை. கீழே விழுந்தவரையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்தபடி கைகுவித்து நின்ற தாயை அவன் அகம் ஒரு கணம் கண்டது. கண்ட இடம் எரிந்தது.

"ஆனா டிரைவர் ஓடிட்டாருன்னு நான் எங்கயும் சொல்லல" என்றாள் பொன்னம்மை, கொழுந்தனை நோக்கி. "அந்தப் பாவம் ஒங்களோடது மட்டுந்தான், தம்பி."

பழனியப்பன் செட்டியார் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "பயந்தத நான் குத்தம் சொல்லல கருப்பா. நாங்களும் பயப்படுறவங்கதான். சாவிய எடுக்காதேன்னு கலைமகளா சொன்னா? அது வேற பேச்சு. ஆனா ஒன் பயத்துக்கு இன்னொருத்தன் தலையக் குடுத்தியே." முத்துவீரப்பனை நோக்கித் திரும்பினார். "நீ என்ன கேக்குற தம்பி?"

"சித்தப்பா தன் கையால அந்தச் சாவிய எடுத்து, சீனி முகம்மது அண்ணன் கையில குடுக்கணும் ஐயா. இப்பவே."

"நாளைக்குக் காலையில குடுக்கட்டுமே. விசயதசமி. நல்ல நாளு."

"அப்பச்சிக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்லையே ஐயா."

கடைகளின் முன்னே கூரையின் கீழ் ஓடும் அஞ்சடி நடையிலிருந்து சீனி முகம்மது அழைக்கப்பட்டார். தோளில் சாக்குத் தூசியோடு, நிலைப்படிக்கு வெளியிலேயே அவர் நின்றுகொண்டார். பெரியகருப்பன் மேடையை அணுகினார். மும்முறை கை போயிற்று, மும்முறை மீண்டது. நான்காம் முறை, முப்பதாண்டுப் பெருமையைப் பற்றிப் பிடுங்குவது போல, சாவியை எடுத்தார். குங்குமம் அவர் விரல்களில் ஒட்டிற்று. அவர் உதடு எதையோ வேண்டி அசைந்ததை முத்துவீரப்பன் இமைக்காமல் பார்த்தான். இரக்கம் எழுகிறதா என்று தன்னுள் தேடியும் பார்த்தான். எழவில்லை. நெடுநாள் தாகம் தீரக் குளிர்ந்த நீர் இறங்குவது போல ஒரு சுகமே இறங்கிற்று.

நிலைப்படியில் நின்று பெரியகருப்பன் முணுமுணுத்தார். "நீ ஓடல."

"வெளிய நிக்கிறவுகளுக்குக் கேக்கல சித்தப்பா."

அஞ்சடியில் பக்கத்துக் கடைக்காரர்களும் போவோர் வருவோரும் கூடியிருந்தார்கள். பெரியகருப்பன் அவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சீனி முகம்மது சாவிய எடுக்கல. ஓடல. நாந்தான் தடுத்தேன்."

சீனி முகம்மது சாவியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "ரெண்டு வருசம் செட்டியாரே. என் பொஞ்சாதி ஆசியா பீவியே ஒரு நாள் கேட்டுட்டா, நெசமாவே நீங்க ஓடிட்டீங்களான்னு. அன்னைக்கு நான் சாப்புடல." அவ்வளவே அவர் சொன்னது. மன்னித்தேன் என்று அவர் சொல்வார் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

பிறகு முத்துவீரப்பனிடம் வந்தார். "இந்தக் கரேத்தா வண்டிய வாடகைக்கு ஓட்டுறேன் தம்பி. பாக்கணும்னு தோணினா கப்பல் துறைப் பக்கம் வாங்க. தஞ்சோங் பூங்காவுக்கு ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்."

"வரமாட்டேண்ணே."

"ஏன்?"

"வந்தா திருப்பிக் கேட்டுருவேன்."

வண்டி புறப்பட்டது. முத்துவீரப்பன் வாசலுக்குப் போகவில்லை. கூடத்திலேயே நின்று செவியால் அதைத் தொடர்ந்தான். வீதி முனையில் கியர் மாறும் ஒலி அரைக் கணம் தாமதமாகக் கேட்டது. தன் கை என்றால் அந்த அரைக் கணம் நேர்ந்திராது. பின்பு கடைத்தெருவின் இரைச்சல் அதை விழுங்கிற்று. அப்பச்சியின் குரல் குடியிருந்த கடைசி இடமும் அவனை விட்டுப் போயிற்று. கண்ணீர் வந்தது, சித்தப்பா காணாத பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டான்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பன்னிரண்டு இலைகள் உள்ளே விரித்திருந்தன. ஒருவரும் கை நனைக்கவில்லை. பழனியப்பன் செட்டியார் தாம்பூலத் தட்டைத் தொடாமலே படியிறங்கினார். அந்த வீதியில் அதைவிடக் கடிய தீர்ப்பு வேறில்லை.

அவ்வாரமே முத்துவீரப்பன் தாயோடு குயின் வீதியின் மறுகோடியில் ஒரு மாடியறைக்குக் குடிபோனான். அங்கே அவள் சமைத்ததை உண்டான். உடுத்திய துணியைத் துவைக்கக் கொடுத்தான். ஐப்பசி முடியும்வரை அவளோடு பேசவில்லை. அவளும் பேச்சை யாசிக்கவில்லை. ஒரு நாள் அவள் எண்ணெய் படிந்த அவனுடைய சட்டையைச் சாம்பலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "ஆத்தா, கை எரியலையா" என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவ்வளவில் நின்றது.

தொழிற்பள்ளியில் முதல் மாதம் ஓர் இரும்புக் கட்டியைச் சதுரமாக அராவுவதே பாடம். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓர் இழை ஒளி தெரிந்தாலும் ஆசிரியர் திருப்பித் தருவார். வகுப்பில் மிகுதியாகப் படித்தவன் அவனே. கை மிகக் குறைவாய்ப் படிந்தவனும் அவனே. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்து காய்த்தது. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சவுக்காரத்துக்கும் இறங்கவில்லை.

பள்ளியிலிருந்து குயின் வீதிக்கு நேர்வழி ஒன்று உண்டு. முத்துவீரப்பன் அதில் போவதில்லை. மாலை ஐந்தரைக்கு, பெரியகருப்பன் கோயிலுக்குப் புறப்படும் வேளையில், அவன் பினாங்கு வீதி வழியாகவே வருவான். வண்டியில்லாத பெரியகருப்பன் இப்போது குடையை ஊன்றிக்கொண்டு அஞ்சடியில் நடந்துகொண்டிருப்பார். உடன் நடக்க ஆளில்லை. தூரத்திலேயே அவனைக் கண்டு கடைக்குள் ஒதுங்கப் பார்ப்பார். அவன் விரைந்து எதிரே போய் நிற்பான்.

"வணக்கம் சித்தப்பா" என்பான், இருபுறக் கடைகளுக்கும் கேட்கும்படி. குவித்த கைகளை அவர் முகத்துக்கு நேரே உயர்த்துவான். அக்கையின் கறுப்பை அவர் பார்த்து முடிக்கும்வரை அவன் அதை இறக்குவதில்லை.